பித்தநாளத்தில் நெளியும் அடைப்பு

மேல்வயிற்றில் பிடுங்கி எடுக்கிற வலி, ஓயாத வாந்தி, கண்ணில் லேசான மஞ்சள். இப்படி ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தால் டாக்டரின் மனதில் முதலில் வருவது பித்தக்கல். பித்தப்பையில் இருந்த கல் ஒன்று நழுவி, பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாயான பித்தநாளத்தில் மாட்டியிருக்கும் என்று நினைத்து ஸ்கேனுக்கு அனுப்புவார், பெரும்பாலும் அந்த நினைப்பு சரியாகவே இருக்கும். வயதானவராக இருந்து, வலியே இல்லாமல் மஞ்சள் மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால், கணையத்தின் தலைப்பகுதியிலோ பித்தநாளத்திலோ புற்றுநோய்க் கட்டி இருக்கிறதா என்று தேடுவார். அடைப்புக் காமாலை என்று வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குக் காரணம் இந்த இரண்டில் ஒன்றுதான்.

அபூர்வமாக ஸ்கேன் திரையில் வேறொன்று தெரிகிறது. பித்தநாளத்துக்குள் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை, அதன் நடுவே கறுப்பாக ஒரு மெல்லிய கோடு. கல்லுக்குப் பின்னால் விழுகிற நிழல் இதற்குப் பின்னால் விழுவதில்லை. ஸ்கேன் கருவியை நகர்த்தாமல் அதே இடத்தில் வைத்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பட்டை மெதுவாக நெளிகிறது. குடலில் வாழும் உருளைப்புழு, நம் வீடுகளில் நாக்குப்பூச்சி என்று சொல்வோமே அதுதான், பித்தநாளத்துக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது.

அடைத்துக்கொண்டிருப்பது உயிரோடு இருக்கிறது என்பதுதான் இந்த நோயின் மையம். கல் தானாக வெளியே போய்விடும் என்று நம்பியிருக்க முடியாது, அதனால் போய் எடுக்க வேண்டும். கட்டி வளரும், அதனால் காத்திருக்கக் கூடாது. புழுவோ வரும், போகும், சமயத்தில் உள்ளேயே செத்தும் போகும். கண்டுபிடிக்கிற விதம், மருந்து கொடுக்கிற நேரம், எண்டோஸ்கோப்பியில், அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டுச் செய்யும் சிகிச்சையில், எதை வெட்டலாம் எதை வெட்டக்கூடாது என்ற முடிவு எல்லாமே இதனால் மாறிவிடுகின்றன. கல்லுக்குச் செய்து பழகிய கையோடு இதற்கும் செய்தால், அந்த நேரத்துக்கு நோயாளி தேறிவிட்டாலும் பின்னால் அவதிப்பட நேரும்.

இந்த நோயைப் பற்றி இன்று மருத்துவ உலகத்துக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி காஷ்மீர் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. ஸ்ரீநகரின் சௌரா பகுதியில் இருக்கும் ஷேர்-இ-காஷ்மீர் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் முகமது சுல்தான் குரூ என்ற இரைப்பை குடல் மருத்துவரும் அவருடைய குழுவினரும், கல்லீரல், பித்தநாளம், கணையம் ஆகியவற்றைப் புழு பாதித்த 500 நோயாளிகளைக் கவனித்து, 1990-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். உலகின் வேறு இடங்களில் ஒரு நோயாளி, இரண்டு நோயாளி என்று எழுதிக்கொண்டிருந்த விஷயத்துக்கு 500 பேர் என்பது பெரிய அனுபவம். 1978-ல் காஷ்மீரில் பரவிய மஞ்சள் காமாலையை ஆராய்ந்து, அது அதுவரை அறியப்பட்ட கல்லீரல் அழற்சி வைரஸ்களால் வந்ததல்ல என்று 1980-ல் எடுத்துச் சொன்னவரும் இதே குரூதான். அந்த வைரஸைத்தான் பின்னாளில் ஹெபடைட்டிஸ் ஈ என்று அழைத்தார்கள். வைரஸ் ஆனாலும் புழு ஆனாலும் வந்த வழி ஒன்றே: மனித மலம் கலந்த தண்ணீரும் மண்ணும்.

சரி, குடலில் இருக்கிற புழு பித்தநாளத்துக்கு எப்படிப் போகிறது? கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. அது சின்னச் சின்னக் குழாய்கள் வழியாகச் சேர்ந்து பொதுப் பித்தநாளத்தில் இறங்கி, கணையத்திலிருந்து வரும் நாளத்தோடு கூடி, முன்சிறுகுடலின் சுவரில் ஒரு சின்ன மேட்டு வாசல் வழியாகக் குடலுக்குள் திறக்கிறது. அந்த வாசலைச் சுற்றி ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. சாப்பாடு வரும்போது தளர்ந்து பித்தநீரை விடும், மற்ற நேரத்தில் இறுகியிருக்கும். குடலில் இருப்பது மேலே ஏறாமல் தடுப்பதும் அதன் வேலைதான்.

உருளைப்புழு பொதுவாக வாழ்வது சிறுகுடலின் நடுப்பகுதியில். பெண் புழு 20 முதல் 35 சென்டிமீட்டர் வரை வளரும், ஆண் புழு கொஞ்சம் சின்னது. தடிமன் 3 முதல் 6 மில்லிமீட்டர். ஒரு பெண் புழு ஒரே நாளில் ஏறத்தாழ 2 லட்சம் முட்டை இடும். அவை மலத்தோடு வெளியேறி, ஈரமான நிழலான மண்ணில் சில வாரங்களில் தொற்றக்கூடிய நிலைக்கு வருகின்றன. கழுவாத கீரையிலோ அழுக்கு நகத்திலோ ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போன முட்டை குடலில் பொரிந்ததும், அந்தக் குஞ்சுப் புழு குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, கல்லீரல் வழியாக நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழாயில் மேலேறி, தொண்டையில் விழுங்கப்பட்டு மறுபடியும் குடலுக்கே வந்துதான் பெரிய புழுவாகிறது. முட்டை வயிற்றுக்குள் போன நாளிலிருந்து இதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். குடலில் ஓரிரு வருடம் உயிரோடு இருக்கும்.

பெரிய புழுவுக்கும் ஊர்ந்து திரிகிற பழக்கம் உண்டு. கண்ட துளையில் தலையை நுழைத்துப் பார்க்கும். குடலில் புழுக்கள் பெருகிவிட்டால், அல்லது காய்ச்சல், மயக்க மருந்து போன்ற ஏதாவது அவற்றைத் தொந்தரவு செய்தால், இருந்த இடத்தை விட்டு மேலே வரும். முன்சிறுகுடலை எட்டிவிட்டால் பித்தநாள வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. புழுவின் தடிமனும் நாளத்தின் அகலமும் ஏறக்குறைய ஒன்று: சாதாரணப் பித்தநாளம் 6 மில்லிமீட்டர் அகலம் வரை இருக்கும். நீளம்தான் பொருந்துவதில்லை. பொதுப் பித்தநாளத்தின் நீளம் ஏழெட்டு சென்டிமீட்டர், புழு அதைப் போல மூன்று மடங்கு. அதனால் பல சமயம் முன்பாதி நாளத்திலும் பின்பாதி குடலிலுமாகக் கிடக்கும், இல்லாவிட்டால் மேலேறிக் கல்லீரலுக்குள் இருக்கும் கிளைகளில் ஒன்றில் நுழைந்துவிடும். பித்தப்பைக்குப் போகும் குழாய் குறுகலாகவும் முறுக்கிக்கொண்டும் இருப்பதால் பித்தப்பைக்குள் புழு போவது அரிது.

யாருக்கு அதிகம் வருகிறது என்பதையும் கவனித்திருக்கிறார்கள். குடலில் புழு நிறைய இருப்பது குழந்தைகளிடம், ஆனால் பித்தநாளத்தில் புழு ஏறுவது அதிகமும் பெரியவர்களிடம், அதிலும் பெண்களிடம். குழந்தைகளின் நாளம் சின்னதாக இருப்பது அவர்களுக்கு ஓரளவு காப்பு என்று சொல்கிறார்கள். கர்ப்ப காலத்து ஹார்மோன் சுருக்குத்தசையைத் தளர்த்துவதால் கர்ப்பிணிகளுக்கு வாய்ப்புக் கூடுகிறது என்பது ஒரு விளக்கம். பித்தப்பையை எடுத்துவிட்டவர்களுக்கு நாளம் சற்று விரிந்திருக்கும், அவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. ஏற்கெனவே கல்லுக்காக அந்தச் சுருக்குத்தசையை வெட்டிவிட்டவர்கள் இன்னொரு கூட்டம். இந்தக் கடைசி விஷயம் வைத்தியத்தில் பெரிய பிரச்சினையாக மறுபடி வரும்.

நோயாளியிடம் தெரியும் அடையாளம் என்று பார்த்தால், வலி பலமாக இருக்கிறது, மஞ்சள் குறைவாக இருக்கிறது. சுருக்குத்தசைக்குள் புழு நுழைந்து நெளியும்போது தசை இறுகிப் பிடிக்கும். அந்த வலியில் ஆள் சுருண்டு விடுவார். ஆனால் புழு உருண்டையானது, வழவழப்பானது, அசைந்துகொண்டே இருப்பது. அதைச் சுற்றிக் கொஞ்சமாவது பித்தநீர் இறங்கிவிடுகிறது. அது வெளியே வந்துவிட்டால் வலியும் நின்றுவிடும். திரும்ப நுழைந்தால் திரும்ப வலி. இப்படி விட்டுவிட்டு வரும் கடும் வலி, ரத்தப் பரிசோதனையில் மஞ்சள் நிறமியான பிலிருபின் கொஞ்சமே கூடியிருப்பது, சிலருக்கு வாந்தியில் புழுவே வந்து விழுவது எல்லாம் சேர்ந்தால் யோசித்துப் பார்க்க வேண்டும். வாந்தியில் புழு வந்ததை வெட்கப்பட்டுக்கொண்டு டாக்டரிடம் சொல்லாமல் விடுகிறவர்கள் உண்டு. சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வலி, மஞ்சள் மூன்றும் சேர்ந்து வந்துவிட்டால் விஷயம் வேறு. பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1877-ல் விவரித்த இந்த மூன்று அறிகுறிகள் இன்றும் பித்தநாளத்தில் சீழ் பிடித்ததற்கான எச்சரிக்கை. புழு குடலிலிருந்து வரும்போது சும்மா வருவதில்லை, கிருமிகளையும் சுமந்து வருகிறது. அடைப்பின் மேல்பக்கத்தில் தேங்கிய பித்தநீரில் அவை பெருகும். அழுத்தம் கூடும்போது கிருமி ரத்தத்தில் இறங்கிவிடும். ரத்த அழுத்தம் விழுந்து, ஆள் குழம்பிப் பேச ஆரம்பித்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. புழுவா கல்லா என்ற ஆராய்ச்சிக்கெல்லாம் அப்போது நேரமில்லை, பித்தநீரை எப்படியாவது வடிக்க வேண்டும்.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்து, பத்தியம் இருந்து, இரண்டு வாரம் வீட்டிலேயே இருந்துவிடுகிறோம். வைரஸால் வந்த காமாலை பெரும்பாலும் தானாகவே தணியும், அதனால் இது பலித்ததாகத் தோன்றுகிறது. அடைப்பால் வந்த காமாலைக்கு அந்த இரண்டு வாரம் பெரிய இழப்பு. மலம் வெளுத்துப் போவது, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவது, உடம்பெல்லாம் அரிப்பு, விட்டுவிட்டு வரும் மேல்வயிற்று வலி, நடுக்கக் காய்ச்சல் இவற்றில் ஏதாவது இருந்தால் அடைப்பு இருக்கிறதா என்று அன்றே ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதுதான் சரி. கல்லானாலும் கட்டியானாலும் புழுவானாலும் இது பொருந்தும்.

இனி பரிசோதனைகள். ரத்தத்தில் கல்லீரல் சம்பந்தமான அளவுகள் அடைப்பு இருப்பதைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. புழு என்றால் ஈசினோஃபில் என்ற வகை வெள்ளை அணுக்கள் கூடியிருக்க வேண்டும் என்று படித்த நினைவில் சிலர் அதைத் தேடுகிறார்கள். அது முக்கியமாகக் கூடுவது குஞ்சுப் புழு நுரையீரல் வழியாகப் போகும் நாட்களில். குடலுக்கு வந்து வளர்ந்த பிறகு சாதாரணமாகவே இருக்கலாம். மலத்தில் முட்டை இருந்தால் குடலில் புழு இருக்கிறது என்று அர்த்தம், பித்தநாளத்தில் இருப்பது புழுதான் என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது. முட்டை இல்லாவிட்டாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஆண் புழு மட்டும் இருந்தால் முட்டை எங்கிருந்து வரும்?

ஆக அல்ட்ராசவுண்ட்தான் முதல் ஆயுதம். செலவு குறைவு, கதிர்வீச்சு கிடையாது, கர்ப்பிணிக்கும் எடுக்கலாம், எல்லாவற்றுக்கும் மேலாக அது நேரலையாகக் காட்டுகிறது. மேலே சொன்ன வெள்ளைப் பட்டையும் நடுவில் ஓடும் கறுப்புக் கோடும்தான் அடையாளம். அந்தக் கறுப்புக் கோடு புழுவின் உணவுக்குழல். குறுக்குவாட்டில் பார்த்தால் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். நிறையப் புழுக்கள் இருந்தால் ஒன்றின்மேல் ஒன்றாக நூல் சிக்கல் மாதிரி கிடக்கும். இதில் ஏமாறவும் வழி இருக்கிறது. நாளம் அடைபடாமல் இருக்க முன்பு யாரோ வைத்து மறந்துபோன ஸ்டென்ட் என்ற பிளாஸ்டிக் குழாய் கூட அதே மாதிரி இரட்டைக் கோடாகத்தான் தெரியும். நோயாளிக்கு ஸ்டென்ட் வைத்ததே தெரியாமல் இருக்கலாம், பழைய டிஸ்சார்ஜ் தாளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது அதனால்தான் அவசியம். ஸ்டென்ட் நெளியாது என்பது உண்மைதான், செத்த புழுவும் நெளியாது.

ஒரு தடவை ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் புழு இல்லை என்றும் முடிவு செய்யக்கூடாது. நாளத்தின் கீழ்ப்பகுதியைக் குடல் காற்று மறைத்துவிடும். அதைவிட முக்கியமான காரணம், ஸ்கேன் எடுக்கும் நேரத்தில் புழு குடலுக்கு இறங்கியிருக்கலாம். காலையில் எடுத்த ஸ்கேனில் இருந்தது மாலையில் இல்லாமல் போவதும் நடக்கிறது. இரண்டு ரிப்போர்ட்டில் ஒன்று தப்பு என்று நினைக்கத் தோன்றும், இரண்டும் சரியாகவே இருக்கலாம். வலி இருக்கும்போதே ஸ்கேன் எடுப்பதும், மறுபடி மறுபடி எடுப்பதும் இந்த நோய்க்குத் தேவை. சந்தேகம் தீராவிட்டால் எம்.ஆர்.சி.பி., அதாவது பித்தநாளத்துக்கான எம்.ஆர்.ஐ. ஸ்கேன், எடுக்கலாம். அதில் பித்தநீர் பளிச்சென்று வெள்ளையாகவும் அதற்குள் புழு கறுப்பான நீள நிழலாகவும் விழும். எண்டோஸ்கோப்பி குழாயின் நுனியிலேயே அல்ட்ராசவுண்ட் பொருத்திப் பார்க்கும் முறை, கீழ்ப்பகுதியை இன்னும் நெருக்கமாகக் காட்டும்.

வைத்தியத்துக்கு வருவோம். சீழும் காய்ச்சலும் இல்லாத பெரும்பாலானோருக்கு முதல் வைத்தியம் பொறுமைதான். வாய் வழியாக ஒன்றும் கொடுக்காமல் டிரிப்ஸ் ஏற்றி, தசைப்பிடிப்பைத் தளர்த்தும் ஊசியும் வலிக்கு மருந்தும் போட்டு, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக்கும் சேர்த்துக் கவனித்தால், பலருக்குச் சில நாட்களில் புழு தானாக இறங்கிவிடுகிறது. காஷ்மீர் அனுபவம் கொடுத்த பெரிய பாடம் இது. முன்பெல்லாம் வயிற்றைத் திறந்து நாளத்தை வெட்டி எடுத்துக்கொண்டிருந்த நோய் இது. இப்போது அறுவை சிகிச்சை அபூர்வமாகவே தேவைப்படுகிறது. சும்மா படுக்க வைத்திருக்கிறார்களே, ஒன்றும் செய்யவில்லையே என்று நோயாளியின் வீட்டார் கோபப்படுவது புரிகிறது. ஆனால் தினமும் ஸ்கேன் எடுத்து, வெப்பநிலையும் ரத்த அளவுகளும் பார்த்துக்கொண்டு காத்திருப்பது ஒன்றும் செய்யாமல் இருப்பது ஆகாது.

பூச்சி மாத்திரை எப்போது கொடுப்பது என்பதில் மருத்துவர்களுக்குள் இரண்டு கருத்து உண்டு. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே மாத்திரை, குடலில் உள்ள புழுவுக்கு அது போதும். ஆனால் அந்த மருந்து பித்தநீரில் போதிய அளவு சேர்வதில்லை, அதனால் நாளத்துக்குள் உட்கார்ந்திருக்கும் புழுவை அது நேரடியாக எட்டுவது சிரமம். குடலில் இருக்கும் மற்றப் புழுக்களைச் செயலிழக்கச் செய்து, அடுத்தடுத்து ஏறாமல் தடுப்பதுதான் அதன் முக்கியப் பயன். உடனே கொடுக்கலாம் என்பவர்கள் அதைச் சொல்கிறார்கள். வலி அடங்கி, புழு நாளத்தை விட்டு இறங்கிய பிறகு கொடுக்கலாம் என்பவர்களின் பயம், பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் கிடக்கும் புழு மருந்தால் அங்கேயே முடங்கிச் செத்துவிடுமோ என்பது. எனக்கு இரண்டாவது கருத்தில்தான் நியாயம் அதிகமாகப் படுகிறது. உயிருள்ள புழு போய்விடும், செத்த புழு போகாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் அல்பெண்டசோலைத் தவிர்ப்பது வழக்கம். எப்படியானாலும் இந்த நிலையில் மாத்திரையை மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போட்டுக்கொள்வது சரியல்ல, நேரத்தை முடிவு செய்ய வேண்டியது ஸ்கேனைப் பார்த்த டாக்டர்.

செத்த புழு ஏன் அவ்வளவு கெடுதல்? நாளத்துக்குள் செத்த புழு அழுகி, துண்டு துண்டாகி, சுவரில் அழற்சியை உண்டாக்கும். அதன் சிதைவும் அது இட்ட முட்டைகளும் நடுக்கருவாகி, அதைச் சுற்றிப் பித்தநீரின் நிறமி படிந்து கல்லாகும். கிருமிகளின் நொதிகள் அந்தப் படிவத்தை வேகப்படுத்தும். நாளம் சில இடங்களில் சுருங்கி, சில இடங்களில் விரிந்து, கல்லீரலுக்குள்ளேயே கல் சேர்ந்து, வருடக்கணக்கில் திரும்பத் திரும்பச் சீழ் பிடிக்கும் நிலை வரலாம். கல்லீரலில் சீழ்க்கட்டியும் வரலாம். அதனால்தான் காத்திருப்புக்கும் ஒரு எல்லை வைத்தார்கள். மூன்று வாரம் கழிந்தும் ஸ்கேனில் புழு அதே இடத்தில் அசையாமல் இருந்தால் அது செத்துவிட்டது, இனி போய் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பது அந்தக் கணக்கு. சீழ் அறிகுறிகள் அடங்காவிட்டாலோ, கணைய அழற்சி வந்துவிட்டாலோ, கூடவே கல் இருந்தாலோ அதற்கு முன்பே எடுக்க வேண்டும்.

எடுக்கும் வழி எண்டோஸ்கோப்பி. வாய் வழியாக, பக்கவாட்டில் பார்க்கும் கண்ணாடி உள்ள குழாயை முன்சிறுகுடல் வரை இறக்குகிறார்கள். வாசல் நேராகக் கண்ணுக்குத் தெரியும். அதிலிருந்து வெளிர் இளஞ்சிவப்பாக, பென்சில் தடிமனை நெருங்கும் ஒரு வால் வெளியே தொங்கிக்கொண்டிருந்தால் வேலை சுலபம். பிடிக்கும் இடுக்கியால் வாலை மெதுவாகப் பற்றி, குழாயோடு சேர்த்துப் பதமாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். அவசரப்பட்டு வெடுக்கென்று இழுத்தாலோ, வெட்டும் கம்பிச் சுருக்கால் இறுக்கினாலோ புழு இரண்டாகிவிடும். அப்புறம் உள்ளே போன பாதியைத் தேடிப்பிடிப்பது பெரும்பாடு. முழுதாக வெளியே வந்துவிட்டால் வலி அந்த நிமிடமே நின்றுவிடுகிறது என்று செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மருத்துவத்தில் இத்தனை உடனடியான நிவாரணம் அபூர்வம். கர்ப்பிணியாக இருந்து, வால் வெளியே தெரிந்தால், எக்ஸ்ரேயே இல்லாமல் இதை முடித்துவிடலாம்.

முழுவதும் உள்ளே போய்விட்டிருந்தால் ஈ.ஆர்.சி.பி. தேவை. வாசல் வழியாக மெல்லிய குழாயைச் செருகிச் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்ப்பது. சாயம் நிறைந்த நாளத்தில் புழு இருக்கும் இடம் மட்டும் நிரம்பாமல், இரண்டு முனையும் கூம்பிய நீள வெற்றிடமாகத் தெரியும். பிறகு கம்பிக்கூடையோ பலூனோ விட்டு இழுப்பார்கள். இந்தச் சிகிச்சைக்கு முன் ரத்தம் உறையும் நேரத்தையும் சரிபார்ப்பார்கள், ஏனென்றால் பித்தநீர் குடலுக்கு வராதபோது வைட்டமின் கே உறிஞ்சப்படுவது குறைந்து ரத்தம் உறையத் தாமதமாகும். ஈ.ஆர்.சி.பி. செய்துகொண்டவர்களில் 100-க்கு 3 முதல் 10 பேர் வரைக்கும் கணைய அழற்சி வரக்கூடும் என்பதால், வெறுமனே பார்ப்பதற்காக இன்று யாரும் இதைச் செய்வதில்லை, எடுப்பதற்காக மட்டுமே செய்கிறார்கள்.

சுருக்குத்தசையை வெட்டுவதா வேண்டாமா என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. 1974-ல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் எண்டோஸ்கோப்பி வழியாக அந்தத் தசையை வெட்டிக் கல்லை எடுக்கும் முறை தொடங்கியது. வயிற்றைத் திறக்காமல் கல்லை எடுக்க முடிந்தது பெரிய முன்னேற்றம், இன்று உலகம் முழுக்கக் கல்லுக்கு அதுவே வழக்கமான சிகிச்சை. கை பழகிய மருத்துவருக்கு வாசலைக் கண்டதும் வெட்டத்தான் தோன்றும். ஆனால் புழு நிறைந்த ஊரில் வாழ்கிறவருக்கு அந்தத் தசைதான் காவல். ஒருமுறை வெட்டினால் வாசல் பழையபடி மூடுவதில்லை. இன்று ஒரு புழுவை எடுத்துவிட்டு அனுப்பினால், ஊருக்குத் திரும்பி மறுபடி தொற்று வந்ததும் அடுத்த புழு தடையில்லாமல் ஏறும். அதனால் முடிந்தவரை வெட்டாமல் எடுக்க வேண்டும், இடம் போதாவிட்டால் பலூனால் விரித்துப் பார்க்கலாம் என்பது இந்த நோயில் அனுபவம் உள்ளவர்களின் நிலை. கல்லும் சேர்ந்து இருந்தாலோ, செத்த புழுவின் துண்டுகள் நாளத்தை நிறைத்திருந்தாலோ வெட்டாமல் முடியாது. அப்படி வெட்டியவர் அதற்குப் பிறகு ஒழுங்காகக் குறிப்பிட்ட இடைவெளியில் பூச்சி மாத்திரை சாப்பிட வேண்டியவர். டிஸ்சார்ஜ் தாளில் அதை எழுதுவதும், புரியும்படி வாயால் சொல்வதும் சிகிச்சையின் பகுதி.

பித்தநாளத்தை அடைக்கும் ஒட்டுண்ணி உருளைப்புழு ஒன்றுதான் என்பதில்லை. வடகிழக்குத் தாய்லாந்தில் பச்சை மீன் சாப்பிடும் பழக்கத்தால் ஒரு வகைத் தட்டைப்புழு பித்தநாளத்திலேயே வருடக்கணக்கில் வாழ்ந்து, கடைசியில் பித்தநாளப் புற்றுநோய்க்குக் காரணமாகிறது. நீர்நிலைச் செடிகளைப் பச்சையாகச் சாப்பிடுவதால் வரும் கல்லீரல் தட்டைப்புழு இன்னொன்று. நாய் மூலம் பரவும் நாடாப்புழுவின் நீர்க்கட்டி கல்லீரலில் உடைந்து, அதன் சவ்வுகள் நாளத்தில் இறங்கி அடைப்பதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, ஒன்றுக்குக் கேட்பது இன்னொன்றுக்குக் கேட்காது. ஆகவே எடுத்ததைக் குப்பையில் போடாமல் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி இன்ன புழு என்று உறுதி செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டில் இதை ஏன் அதிகம் பார்ப்பதில்லை? இங்கே மண்வழிப் புழுக்களில் மேலோங்கி இருப்பது கொக்கிப்புழு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் நடத்திய டீவார்ம்3 என்ற குடற்புழு ஆய்விலும் பெரும்பாலும் காணப்பட்டது அதுதான். அது செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்து நுழையும், ரத்தத்தைக் குடித்துச் சோகையைக் கொடுக்கும், ஒரு சென்டிமீட்டர் அளவில் குடல் சுவரைக் கவ்விக்கொண்டு அங்கேயே கிடக்கும். பித்தநாளத்தை அடைப்பது அதன் இயல்பல்ல. 2015 பிப்ரவரியில் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குழந்தைகள் மென்று சாப்பிடும் மாத்திரை இரண்டு வகைப் புழுக்களுக்கும் வேலை செய்கிற அதே அல்பெண்டசோல்தான். கழிப்பறையும் கை கழுவுவதும் இல்லாமல் மாத்திரை மட்டும் நிரந்தரத் தீர்வாகாது, ஏனெனில் உருளைப்புழு முட்டை மண்ணில் வருடக்கணக்கில் சாகாமல் இருக்கும். இருந்தாலும் குடலில் புழுக்களின் எண்ணிக்கை குறைந்தாலே நாளத்தில் ஏறும் வாய்ப்பும் குறையும்.

அரிது என்பதால்தான் இங்கே தவறவிடவும் வாய்ப்பு இருக்கிறது. வேலூருக்கு வங்காளம், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று தூரத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறார்கள். திருப்பூரிலும் சென்னையின் கட்டட வேலைகளிலும் பீகார், ஒடிசா, அசாம் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரவில் அவசரப் பிரிவுக்கு வந்தால், கல் இல்லை, கேஸ் என்று ஊசி போட்டு அனுப்பிவிடுவது சுலபம். அவருடைய மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி மூன்று கேள்வி கேட்கலாம்: சொந்த ஊர் எது, எப்போதாவது வாந்தியிலோ மலத்திலோ புழு வந்திருக்கிறதா, பித்தப்பைக்கோ பித்தநாளத்துக்கோ முன்பு ஏதாவது செய்திருக்கிறார்களா. பதில் எப்படி இருந்தாலும், வலி திரும்பி வரும் நேரத்தில் இன்னொரு ஸ்கேன் எடுத்து, ஒரே இடத்தில் கருவியை வைத்துக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்க்கச் சொல்லி ஸ்கேன் டாக்டருக்கு எழுதி அனுப்பலாம்.